பழைய காரும் பஞ்சிகாவத்தைத் தொழிலாளியும்

மருதானையிலிருந்து பஞ்சிகாவத்தைக்குச் செல்லும் வழியில் இருமருங்கும் பிரியும் ஒழுங்கைகளிலே, பழைய மோட்டார் வண்டி ஒன்றின் மட்காட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும் தொழிலாளியைக் கண்டோர் பலர். அவன் சுரண்டியெடுப்பது எதனை என்று நின்று நோக்கியோர் சிலரே. மேலே கிடப்பது அண்மையிற் பூசப்பட்ட சாம்பல் நிறம். அதன் கீழே, வண்டி வாடகைக்கு ஓடிய காலத்து மஞ்சள். அதற்கும் கீழே, கடையில் எது கிடைத்ததோ அதுவே நிறம் என்றிருந்த எழுபதுகளின் மங்கிய பச்சை. எல்லாவற்றுக்கும் அடியில், இங்கிலாந்தின் கௌலித் தொழிற்சாலையிலே பூசி அனுப்பப்பட்ட முதற் பூச்சு. அநுராதபுரத்து மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்து காலத்தைக் கணிக்கும் ஆராய்ச்சியாளனைப் போல, இந்தத் தொழிலாளியும் ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றைத்தான் மேலிருந்து கீழாகத் தோண்டுகிறான். வேறுபாடு ஒன்று உண்டு. அகழ்வாராய்ச்சியாளனின் பெயர் நூலில் ஏறுகிறது. இவனுடைய நெஞ்சுக்குள் தூசுதான் ஏறுகிறது.

இப்படிச் சொல்வது மிகைக்கூற்று எனச் சில வாசகர் கருதலாம். இலங்கையின் அந்நியச் செலாவணி நெருக்கடிகளையும் மருதானைத் தகட்டு வேலையாளரின் சுத்தியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவ்வையம் நீங்கும் என்பது எமது துணிபு. அரசு இறக்குமதிக் கதவை மூடிய போதெல்லாம், கப்பலில் வரவேண்டியதை இந்த ஒழுங்கைகளே செய்து கொடுத்தன. இந்நாட்டில் நடைபெற்ற இறக்குமதிப் பதிலீட்டுக் கைத்தொழில்களுள் இதுவும் ஒன்று. திட்டமிடல் அறிக்கைகளிலே அதிகம் பேசப்படாதது என்பது மட்டுமே இதன் தனித்தன்மை.

முதலில் தொழிலின் சொற்களைக் கவனிப்போம். சொற்களும் வரலாற்றுச் சான்றுகளே. நசுங்கிய தகட்டை நிமிர்த்துபவனுக்கு டிங்கர் என்று பெயர். ஊரூராகச் சென்று பாத்திரம் ஒட்டுபவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இங்கே மோட்டார்ப் பட்டறைக்குள் புகுந்து பதவி உயர்வு பெற்றிருக்கிறது. அவனுக்கு மேலான தலைமைத் தொழிலாளி பாஸ். இது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அவன் பூசுவது தீந்தை, சிங்களத்தில் தீந்த. போர்த்துக்கேயரின் திந்தா என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது. மூன்று எசமானரும் ஒருவர்பின் ஒருவராகக் கப்பலேறிப் போய்விட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற மூன்று சொற்களும் ஒரே பட்டறையில் இன்றும் வேலை செய்கின்றன. சிறுவயதிலே தொழில் பழக வருபவனின் பெயர் மட்டும் இந்நாட்டுச் சொல்: கோலயா. சீடன் என்பது அதன் பொருள். குருகுலத்தின் மரியாதை பெயரிலே இருக்கிறது, கூலியில் இல்லை. மதியச் சோறும் பஸ் காசும் பெற்று ஆண்டுக்கணக்காக அவன் சுரண்டியும் தேய்த்தும் நின்ற பின்னரே சுத்தியல் அவன் கைக்கு வரும்.

இத்தொழில் மருதானையைச் சூழ்ந்து வேர்கொண்டதற்குக் காரணங்கள் உள. இங்கிருந்து கோட்டை நோக்கி நடந்தால் தட்டாரத் தெரு என வழங்கிய வீதியைக் காணலாம். உலோகத்தொழில் செய்தோர் மோட்டாருக்கு மிக முன்னரே இப்பகுதிகளிற் குடியிருந்தனர். புகையிரதம் வந்தபின் மருதானை இயந்திரத் தொழிலின் இருப்பிடமாயிற்று. 1912 ஆம் ஆண்டின் புகையிரத வேலைநிறுத்தம் இங்குள்ள தொழிற்சாலையிலேதான் மூண்டது. 1923 ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்திலும் புகையிரதத் தொழிலாளரே முன்னணியில் நின்றனர். 1929 ஆம் ஆண்டு ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, பெப்ரவரி 5 ஆந் திகதி, மருதானைப் பொலிஸ் நிலையத்தின் முன்னே மக்கள் திரண்டதும், பொலிசார் சுட்டதும், ஐவர் மாண்டதும் எமது தொழிலாளர் இயக்க வரலாற்றில் அழியாத பக்கங்கள்.

அந்த வரலாற்றை எழுதியோர் சம்மட்டியையும் கொதிகலனையும் கண்டனர். ஆயிரம் பேர் ஒரு கூரையின் கீழ் வேலை செய்யும் இடத்திலே சங்கம் அமைவது இயல்பு; கொடி ஏறுவதும் இயல்பு. அதே வட்டாரத்தில், ஒரு பாசும் இரண்டு கோலயாவும் மட்டுமே உள்ள பட்டறையைக் கணக்கெடுக்க எமது இயக்கத்துக்கு நேரம் கிடைத்தது குறைவு. மருதானையில் 1893 ஆம் ஆண்டிலேயே அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரி நிறுவப்பட்டது. இந்நாட்டின் பொறியியற் கல்வி அங்கிருந்து வளர்ந்து பல்கலைக்கழகம் வரை சென்றது. கல்லூரி மதிலுக்கும் டிங்கர் ஒழுங்கைக்கும் இடையிலுள்ள தூரம் காலால் நடந்தால் சில நிமிடம். ஆங்கிலத்தால் நடந்தால் ஒரு தலைமுறைக்கும் அதிகம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் இங்கு வந்திறங்கிய காலத்தே அதன் கூடு பெரும்பாலும் மரத்தாலானது. மரச்சட்டத்தின்மேல் தகடு வேய்ந்திருப்பர். குதிரைவண்டி கட்டிய தச்சனும் கொல்லனும் அதனைப் பழுதுபார்க்க அதிகம் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எட்வர்ட் பட் என்பவர் முழுவதும் எஃகாலான கூட்டினை அச்சழுத்திச் செய்யும் முறையை வளர்த்தார். 1914 ஆம் ஆண்டில் டொட்ஜ் சகோதரர் அதை ஏற்றனர். 1926 ஆம் ஆண்டிலே அம்முறை பட் நிறுவனத்தின் பங்குடன் இங்கிலாந்துக்கு வந்து, கௌலியிலுள்ள மொரிஸ் தொழிற்சாலையின் அருகே குடியேறியது. அந்த மாற்றத்தின் பொருளாதாரத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். பேரச்சு ஒருமுறை இறங்கினால் ஒரு மட்காட் பிறந்துவிடும். ஆயின் அந்த அச்சை வார்க்க முதலீடு பெரிது. பல்லாயிரம் வண்டிகள் விற்றாலன்றி அது மீளாது. எனவே விற்கச் சந்தை வேண்டும். சந்தைக்குக் குடியேற்ற நாடுகள் வேண்டும். நாம் தேயிலையும் இறப்பரும் தேங்காயும் கொடுத்தோம். அவர்கள் அச்சிலிருந்து வந்த தகட்டைக் கொடுத்தனர். தகடு துருப்பிடித்தால் புதிய தகடு வாங்குவதே அவர்கள் வகுத்த வழி. பேரச்சு இல்லாத நாட்டிலோ, அச்சு ஒரு கணத்திற் செய்ததை மீண்டும் செய்ய ஒரு மனிதனுக்கு இரண்டு நாள் உழைப்பு வேண்டும்.

1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் மொரிஸ் மைனர் வெளிவந்தது. அதனை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். 1961 அளவில் அது பத்து இலட்சத்தை எட்டியது. அத்தொகையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுவே. எழுபதுகளின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றபோது மொத்தம் பதினாறு இலட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன. இலங்கையின் ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர், சட்டத்தரணி ஆகியோரின் கனவு அவ்வண்டி. கொழும்பிலே வெள்ளவத்தையின் நடுத்தர வகுப்புத் தமிழர் இல்லங்களில், கடற்காற்றின் உப்பை உண்டுகொண்டு அது நின்றது. உப்புக்காற்று எஃகை என்ன செய்யும் என்பதைக் கௌலியின் வரைபடக்காரர் அறிந்திருக்கலாம். அதற்கான விலையைக் கொடுத்தவர் அவரல்லர்.

இங்கே ஒரு தொழில்நுட்ப நுணுக்கத்தைச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியாது. பழைய ஒஸ்டின் ஏ 40 டெவன் வண்டிக்குத் தனியாகச் சட்டகம் உண்டு. கூடு அதன்மேல் அமர்ந்திருக்கும். கூடு உக்கினாலும் சட்டகம் வண்டியைத் தாங்கும். மொரிஸ் மைனருக்கு அவ்வாறு முழுச் சட்டகம் இல்லை. கூடே வண்டியைத் தாங்கும் எலும்பு. கதவின் கீழ் நெடுகச் செல்லும் விளிம்புப் பெட்டியும் அடித்தளமும் உக்கினால், கதவு சாத்த மறுக்கும். வண்டி நடுவிலே தொய்யும். ஆகவே பஞ்சிகாவத்தை டிங்கர் செய்தது அழகு வேலை மட்டும் எனக் கொள்வது தவறு. கூட்டின் நடுவே முட்டுக்கொடுத்து, கதவின் இடைவெளியைக் கண்ணால் அளந்து, உக்கிய பகுதியை வெட்டி நீக்கிப் புதுத்தகட்டை ஒட்டிய அவன், பொறியியலாளன் என்ற பட்டமின்றிப் பொறியியல் செய்தான்.

அவனுக்கு அந்தத் தேவை பெருகியது அறுபதுகளில். ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து எமது ஏற்றுமதிப் பொருள்களின் விலை தளர்ந்தது. இறக்குமதிப் பொருள்களின் விலை தளரவில்லை. வெளிநாட்டுச் சேமிப்பு கரைந்தது. 1961 முதல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. மோட்டார்க் கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோயிற்று. 1968 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தது; அத்தியாவசியமற்ற பொருளை இறக்குவோர் அச்சான்றிதழுக்கும் பணம் கொடுக்கவேண்டியதாயிற்று. 1970 ஆம் ஆண்டில் ஐக்கிய முன்னணி அரசு அமைந்து, கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சரானார். 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம் பெற்றோலையே ஆடம்பரமாக்கியது. அக்கட்டுப்பாடுகளை நாம் குறைகூறவில்லை. அரிசிக்கும் மருந்துக்கும் செலாவணி போதாத நாடு கார் இறக்குமதியை நிறுத்தியது நியாயமே. அந்நியாயமான பகுதி வேறிடத்தில் இருந்தது. கதவை மூடிய அரசுக்கு, மூடிய கதவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு சில்லையும் ஓடவைத்தவர் யார் என்ற கேள்வி எழவில்லை. 1958 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் அரசுடைமையானதையடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு வெரஹெரவில் பெருந்தொழிற்சாலை எழுந்தது. மேற்கு ஜேர்மனியின் உதவியோடு தொழிற்பயிற்சி நிலையமும் 1959 ஆம் ஆண்டில் அங்கு தொடங்கியது. இவை நல்ல முயற்சிகள். பஞ்சிகாவத்தை ஒழுங்கைக்கு அவற்றிலிருந்து எதுவும் ஒழுகி வரவில்லை.

இனி வேலையை நோக்குவோம். பழைய தீந்தையை அகற்றுவதே முதற்படி. கண்ணாடி, விளக்கு, கதவுப்பிடி எல்லாவற்றையும் கழற்றியபின், ஊதுவிளக்கின் சுவாலையைத் தகட்டின்மேல் ஓட்டுவர். தீந்தை கொப்புளித்து எழும்போது சுரண்டியால் தள்ளுவர். சுவாலை ஓரிடத்தில் நின்றுவிட்டால் தகடு நெளிந்துபோகும். நெளிந்ததை நிமிர்த்துவது நசுங்கியதை நிமிர்த்துவதிலும் கடினம். ஆகவே கை ஓயாது அசையவேண்டும். கழற்றிய கதவையும் மட்காட்டையும் காரச் சோடாக் கரைசலில் தோய்ப்பதும் உண்டு. சோடா எஃகை உண்ணாது, அலுமினியத்தை உண்ணும், தொழிலாளியின் விரலையும் உண்ணும். நன்றாகக் கழுவாமல் விட்டால், தகட்டின் மடிப்புக்குள் ஒளிந்திருந்த சோடா, புதுத்தீந்தை காய்ந்து சில மாதம் கழித்து அதனைக் கொப்புளமாகக் கிளப்பிக் காட்டிக்கொடுக்கும்.

வெறுந்தகடு வெளிப்பட்டதும் உண்மை வெளிப்படுகிறது. முன்னொரு பாஸ் ஓட்டையை நேர்மையாக ஒட்டினானா, தகரத்துண்டை வைத்து அதன்மேல் பட்டியை அப்பினானா என்பது அப்பொழுது தெரியும். ஒரு தொழிலாளியின் மனச்சாட்சியை இன்னொரு தொழிலாளி ஐம்பது ஆண்டு கழித்து வாசிக்கிறான். உக்கியதை வெட்டி நீக்கி, எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி விரித்த தகட்டிலிருந்து ஒட்டு வெட்டுவர். பீப்பாய்த் தகடு காரின் தகட்டை நிகர்க்கும் தடிப்புடையதாகக் கிடைக்கும், விலையும் மலிவு. அதனைக் காஸ் சுவாலையால் உருக்கி ஒட்டுவர்.

நசுங்கல் நிமிர்த்துவதற்கு ஓர் ஒழுங்குண்டு. மோதலின்போது எந்த மடிப்பு கடைசியாக விழுந்ததோ அதுவே முதலில் நிமிர்த்தப்படவேண்டும். அடி விழுந்த வரலாற்றைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாலன்றித் தகடு வழிக்கு வராது. தகட்டின் பின்னே டோலி என்னும் எஃகுக் கட்டியைப் பிடித்து, முன்னே சுத்தியலால் தட்டுவர். அளவுக்கு மீறித் தட்டினால் எஃகு நீண்டு, தகரப் பெட்டியின் மூடிபோல உள்ளும் வெளியும் துள்ளும். அதைச் சுருக்க வேறு வழி: சிறு புள்ளியைச் செஞ்சூடாக்கி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியால் சட்டென்று குளிர்விப்பர், விரிந்த எஃகு ஒடுங்கும். வேலை முடிந்ததா என்பதைக் கண் சொல்லாது. உள்ளங்கையைத் தகட்டின்மீது மெல்ல ஓட்டி, மயிரிழை மேட்டையும் பள்ளத்தையும் அறிவர். இத்தகைய உள்ளங்கை உருவாகப் பத்தாண்டு செல்லும். அதற்கு ஈடான கருவியை எந்தப் பட்டறையும் இறக்குமதி செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பின்னர் தீந்தை. குதிரைவண்டிக் காலத்து வார்னிசு பல படைகளாகக் காய்வதற்கு வாரக்கணக்கில் எடுத்தது. வண்டித் தொழிற்சாலையின் பெரும்பகுதி காயும் கூடுகளை நிறுத்திவைக்கும் மண்டபமாகவே இருந்தது. அமெரிக்காவின் டியூப்போன் நிறுவனம் 1923-24 ஆம் ஆண்டுகளில் டூக்கோ என்ற நைத்திரோசெலுலோசுத் தீந்தையைக் கொண்டுவந்ததும் வாரங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின. முதற் பெரும்போரில் வெடிமருந்து செய்த தொழிற்சாலைகளுக்குச் சமாதான காலத்தில் கிடைத்த புதுச்சந்தை அது. வெடிமருந்துக்கும் இத்தீந்தைக்கும் மூலப்பொருள் ஒன்றே. அந்த நிறுவனத்தின் வணிகப் பெயர் எமது பட்டறைகளிலே பொதுப்பெயராகி, எக்கம்பனியின் தீந்தையும் டூக்கோ ஆயிற்று.

தொழிலாளியின் உடல்மீது இந்த வரலாறு எழுதியதை இனிச் சொல்லவேண்டும். பழைய தீந்தையில் ஈயம் உண்டு. அடிப்பூச்சில் செவ்வீயம், மஞ்சளில் ஈயக் குரோமேற்று. கூட்டின் மூட்டுகளில் தொழிற்சாலையே ஈயக்கலவையை உருக்கி நிரப்பியிருந்தது. காய்ந்த நிலையிலே தேய்த்தால் இவையெல்லாம் தூசாகும், சுவாலையிட்டால் புகையாகும். மூச்சோடு சென்ற ஈயம் எலும்பிலே தங்கும். வயிற்று நோவு, இரத்தச் சோகை, மணிக்கட்டுத் தொய்தல் எனப் பெரியவரை வருத்தும். சட்டையில் ஒட்டி வீட்டுக்குச் சென்று குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும். அந்தச் சட்டையைத் துவைக்கும் மனைவியும் இத்தொழிலின் கணக்கில் சேர வேண்டியவள்.

இது புதிய கண்டுபிடிப்பன்று என்பதே வேதனை. 1921 ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் கட்டடங்களின் உட்புறப் பூச்சில் வெள்ளீயத் தீந்தையைத் தடைசெய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதே 1921 இல்தான் அமெரிக்காவில் நீர் புகாத தேய்தாள் விற்பனைக்கு வந்தது. பிரான்சிஸ் ஓக்கி கண்டறிந்த அத்தாளால், தகட்டை நீர் ஊற்றி நனைத்தே தேய்க்க இயன்றது. தூசு பறப்பதற்குப் பதில் சேறாக வழிந்தோடியது. எமது பட்டறைகளில் அதற்கு வோட்டர் பேப்பர் என்று பெயர். ஒரு வாளி நீரும் ஒரு தாளும் ஒரு மனிதனின் நெஞ்சைக் காக்கும் என்பது நூறாண்டுக்கு முன்னரே தெரிந்த சங்கதி. ஆயினும் அவசர வேலைக்கு உலர்தேய்ப்பே விரைவு. கொந்தராத்து முறையில் வேலை எடுக்கும் பாசுக்கு விரைவே கூலி. நெஞ்சைக் கொடுத்து நேரத்தை வாங்கும் இந்தப் பண்டமாற்றைத் தொழிலாளியின் அறியாமை என்று வைவோர், அவனுக்குக் கொடுக்கப்படும் கூலியின் கணக்கைப் பார்ப்பதில்லை. அண்மைக் காலத்தின் இருகலவைத் தீந்தைகளில் ஈயம் இல்லாமலிருக்கலாம். அவற்றின் உறைபொருளிலுள்ள ஐசோசயனேற்று மூச்சிழுப்பு நோயைத் தரும். நஞ்சு மாறியது, முகத்தில் கட்டிய கைக்குட்டை மாறவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934 ஆம் ஆண்டினது. தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942 ஆம் ஆண்டினது. 2013 முதல் இந்நாட்டில் விற்கப்படும் தீந்தையில் ஈயத்துக்கு உச்சவரம்பும் உண்டு. அந்த வரம்பு நாளை பூசப்போகும் தீந்தைக்கு. 1955 இல் பூசியதைச் சுரண்டுபவனுக்கு அன்று. முந்திய இரு சட்டங்களும் முதலாளி ஒருவரைத் தேடுகின்றன. மருதானை ஒழுங்கையில் முதலாளி யார்? பாசும் காலையிலிருந்து மாலைவரை அதே தூசில் நிற்பவன். பட்டறை நிலத்துக்கு வாடகை வாங்குபவர் தீந்தையைத் தொட்டதில்லை. கார்ச் சொந்தக்காரர் வாடிக்கையாளர் மட்டுமே. இவ்வாறு சுரண்டல் மூவருக்குள் பங்கிடப்பட்டு எவர் கையிலும் கறை தெரியாமற் போகிறது. இது எமது சங்கங்களுக்கும் சிக்கலான கணக்கு. யாருக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்வது?

1977 ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. யப்பானில் ஓடிப் பழகிய வண்டிகள் கப்பல் கப்பலாக இறங்கின. உதிரிப்பாகக் கடைகள் பஞ்சிகாவத்தையை நிறைத்தன. நசுங்கிய கதவை நிமிர்த்துவதைவிட, யப்பானிய வண்டியிலிருந்து கழற்றிய கதவை மாட்டுவது சுலபமாயிற்று. சுத்தியலின் இடத்தைத் திருகாணி முடுக்கி பிடித்தது. வணிகர் செழித்தனர், டிங்கர் ஒரு படி இறங்கினான்.

1983 யூலையில் கொழும்பு வீதிகளிலே தமிழர் வண்டிகள் நிறுத்தப்பட்டு எரிக்கப்பட்டன. சிலவற்றில் மனிதரும் இருந்தனர். பெருந்தீயில் வெந்த தகடு தன் விறைப்பை இழந்துவிடும். தீந்தை முழுதும் உரிந்து, ஊதாவும் கபிலமுமாகத் துருவேறி நிற்கும். எந்த பாசும் அதைப் பழைய வடிவுக்கு மீட்கமாட்டான். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் தொழில்செய்த மருதானை வட்டாரத்துக்கு அந்த வாரம் என்ன செய்தது என்பது தனிக் கட்டுரைக்குரியது. ஒரே வண்டியை ஒருவன் ஒட்ட, ஒருவன் தேய்க்க, ஒருவன் பூசிய இடங்களிலே அவ்வுறவு பின்னரும் ஓரளவு மீண்டது. வேலை அப்படிப்பட்டது; தனியொருவனால் மட்காட்டைக் கூடத் தூக்கிப் பொருத்த இயலாது.

கொழும்பில் கதவு திறந்திருந்த காலத்தே, வடக்கில் அது முன்னெப்போதும் இல்லாதவாறு இறுக மூடியது. 1990 முதல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் உதிரிப்பாகமும் செல்வது தடைப்பட்டது. அங்கே ஓடியவை பழைய ஒஸ்டின், மொரிஸ் வண்டிகளே. துளிப் பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். புதிய யப்பானிய வண்டி மண்ணெண்ணெயை ஏற்காது. முப்பது நாற்பது ஆண்டு முந்திய ஏ 40 ஏற்றது. நோயாளியையும் பிணத்தையும் மணமக்களையும் அதுவே சுமந்தது. தீந்தை இல்லாத ஊரில் டிங்கர் தகட்டை ஒட்டியதோடு நிறுத்திக்கொண்டான். 2002 ஆம் ஆண்டில் போர்நிறுத்தத்தின்பின் கண்டி வீதி திறந்ததும் தெற்கிலிருந்து சென்றோர் அவ்வண்டிகளைக் கண்டு வியந்து படம் பிடித்தனர். வியப்பதற்கு அங்கே பழமை ஒன்றுமில்லை. பொருளாதாரத் தடையை ஒரு சமூகம் கையால் எதிர்த்த விதம் அது.

இன்னொரு செய்தி எமது வாசகருக்குச் சிரிப்பும் சிந்தனையும் தரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பிக்கும் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், இலங்கை முயற்சியாளர் ஒருவரோடு சேர்ந்து இந்நாட்டிலே தொழிலகம் அமைத்தார். கௌலியின் பேரச்சு ஓய்ந்துவிட்டபடியால், மைனரின் கூட்டுத் தகடுகள் இலங்கைத் தொழிலாளரின் கைகளால் ஆக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறின. எந்த நாட்டின் அச்சு எமது கொல்லனை வெறும் பழுதுபார்ப்போன் ஆக்கியதோ, அந்த நாட்டின் பழைய கார்ப் பிரியர் அதே கொல்லனின் தகட்டை வாங்கி ஒட்டினர். கைத்திறன் அங்கே விலையேறியதால் அற்றுப்போயிற்று. இங்கே விலை மலிவாக இருந்ததால் பிழைத்திருந்தது. இதனைப் பெருமை என்று மட்டும் எழுத எமக்கு மனம் வரவில்லை.

2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி மீண்டும் தடைப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனை மீளச் செலுத்த இயலாதெனக் கைவிரித்தது. பெற்றோல் வரிசையில் வண்டிகள் நாட்கணக்கில் நின்றன. அறுபதுகளின் கதை வேறு எழுத்துக்களில் மீண்டும் அச்சாயிற்று. ஒதுக்கிப் போட்ட கார்களின் விலை ஏறியது. துருவுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. ஐந்தாண்டு கழித்து, 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்குக் கதவு மறுபடி திறந்தது. இம்முறை வருபவற்றின் முன்பம்பர் பிளாஸ்ரிக்கால் ஆனது. சுத்தியலுக்கு அங்கே வேலையில்லை.

கல்லூரிப் படியேறாத தொழிலாளியின் திறனைப் பரீட்சித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இப்பொழுது இருக்கிறது. முப்பது ஆண்டு டோலி பிடித்த பாஸ் ஒருவன் அதிகாரியின் முன்னே தகடு நிமிர்த்திக் காட்டி அதனைப் பெறலாம். வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் முகவர் அதனைக் கேட்கிறார். கார்ச் சொந்தக்காரரோ, வேலை எப்போது முடியும் என்று கேட்கிறார். பாஸ் நாளைக் காலை என்கிறான். கோலயா உலர்ந்த தாளை மடித்துத் தேய்க்கத் தொடங்குகிறான்.